முனிக்கு எத்தனை ஹிட் பாயிண்ட்?

"கதை சொல்றவன் நல்லா சொன்னா போதும்டா, சிஸ்டம் எதுவா இருந்தா என்ன?"

டேபிள்டாப் ஆர்பிஜி ஆடுகிற கூட்டத்தில் இந்த வசனத்தைச் சொல்லாத ஆளே கிடையாது. ரொம்பப் பெருந்தன்மையான பேச்சு மாதிரி இருக்கும். யாரையும் புண்படுத்தாது. முக்கியமாக, புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் சந்தேகம். மற்ற விளையாட்டுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. ஹாரர் விஷயத்தில் இது சுத்தமான சப்பைக்கட்டு. பதிவு நீளமாகத்தான் இருக்கும், ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வகுப்புத் தோழர்களுக்காக ஒரு பாரா (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்). நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடுகிற கதை விளையாட்டுதான் டேபிள்டாப் ஆர்பிஜி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், திறக்குமா திறக்காதா என்பதை டைஸ் உருட்டி முடிவு செய்வார்கள். எதை உருட்டுவது, எவ்வளவு விழ வேண்டும், தோற்றால் என்ன போகும் என்றெல்லாம் சொல்கிற விதிப்புத்தகம்தான் "சிஸ்டம்". 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (இனி டி&டி) இதில் முதலாவது. இன்றைக்கும் "ஆர்பிஜி" என்றால் பாதிப் பேருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். இதுவரை டி&டி மட்டும்தான் ஆடியிருக்கிறோம், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. இந்த லீவில் பேய்க்கதை ஆடுவது என்று முடிவாகிவிட்டது. கதையும் ரெடி. சிறுமலை அடிவாரத்தில் ஒரு பழைய காரைவீடு. மூன்று தலைமுறையாகத் திறக்காத ஓர் அறை. வீட்டுக்காரர்கள் பூட்டுத் திறக்க ஆள் தேடித் திண்டுக்கல்லுக்கு வருகிறார்கள். நாங்கள் எல்லோரும் பூட்டுத் தொழிலாளிகள் (2019-இல் புவிசார் குறியீடு வாங்கின ஊராக்கும், சும்மாவா). அங்கே போய்ப் பார்த்தால் வெளியில் பூட்டே இல்லை. உள்ளேயிருந்துதான் பூட்டியிருக்கிறது.

கதை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தகராறு சிஸ்டத்தில்தான். மூன்று பேர் டி&டியிலேயே ஆடலாம் என்கிறார்கள். அந்த மூன்று பேருக்குத்தான் இந்தப் பதிவு. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம் :-)

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு கடை எப்படிப்பட்ட கடை என்று தெரிய அதன் போர்டைப் பார்க்கக் கூடாது, பேரேட்டைப் பார்க்க வேண்டும். எதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அவர்களுடைய கவலை எதைப் பற்றி என்பது தெரியும். ஆர்பிஜிக்குப் பேரேடு கேரக்டர் ஷீட். டி&டி ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ், ஆயுதம், மந்திரம், அனுபவப் புள்ளி. எல்லாமே அடிதடிக் கணக்கு. அதிலும் ஹிட் பாயிண்ட் என்பது ஓவர்டிராஃப்ட் வசதி மாதிரி. ஐந்தாம் லெவல் வீரன் ஒருவனுக்குச் சாதாரணமாக நாற்பதுக்கு மேல் இருக்கும். பேய் அடித்து இரண்டாகக் குறைத்தாலும் எட்டு மணி நேரம் "லாங் ரெஸ்ட்" எடுத்தால் காலையில் முழுசாக வந்துவிடும். ராத்திரி பேய் கழுத்தைக் கடித்தது, காலையில் இட்லி சாப்பிட்டு எழுந்தால் சரியாகிவிட்டது. இதில் எங்கேயிருந்து பயம் வரும்? நடத்துகிறவன் எவ்வளவுதான் குரலைத் தாழ்த்திக் கரகரவென்று பேசினாலும், ஆடுகிறவன் கண் ஷீட்டில் இருக்கிற 44-இல்தான் இருக்கும்.

"அப்போ டி&டியில் எவனுமே பயந்ததில்லையா?" என்று கேட்பீர்கள். பயந்திருக்கிறார்கள். அதற்கான காரணத்தைப் பாருங்கள், என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழைய பதிப்புகளில் ரத்தக்காட்டேரி உங்களைத் தொட்டால் இரண்டு லெவல் போய்விடும். ஹிட் பாயிண்ட் இல்லை, லெவல். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரே அடியில் போகும், தூங்கி எழுந்தாலும் வராது. மூன்றாம் வருடம் படிக்கிறவனைப் பிடித்து முதல் வருடத்தில் உட்கார வைப்பது மாதிரி. அன்றைய ஆட்டக்காரர்கள் டிராகனை எதிர்த்து நிற்பார்கள், காட்டேரியைக் கண்டால் ஓடுவார்கள். ஐந்தாம் பதிப்பில் அதே காட்டேரி கடித்தால் ஹிட் பாயிண்டின் மேல்வரம்பு குறையும், லாங் ரெஸ்ட் வரைக்கும்தான். அதே கோட்டு, அதே பல், அதே கோட்டை. கதை மாறவில்லை, விதி ஒன்றுதான் மாறியது. பயம் போய்விட்டது. சிஸ்டம் எதுவாக இருந்தால் என்ன என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்து ஒரு வாதம் வரும், "டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே சானிட்டி விதி இருக்கே, விருப்பம் இருந்தா சேர்த்துக்கலாமே" என்று. இருக்கிறது, நானும் படித்தேன். பைத்தியம் பிடிப்பதற்கு அட்டவணையே போட்டிருக்கிறார்கள். கூடவே அதை நீக்க என்ன வழி என்றும் எழுதியிருக்கிறார்கள். குறுகிய கால, நீண்ட கால பாதிப்பு இரண்டையும் "லெஸ்ஸர் ரெஸ்டரேஷன்" என்கிற மந்திரம் போக்கிவிடும். மூன்றாம் லெவல் கிளெரிக் ஒருத்தர் கூட இருந்தால் போதும். பேயைப் பார்த்து நடுங்கியவனுக்குக் கையில் மாத்திரை ரெடி. மளிகைக் கடையில் ஓரமாக ரெண்டு மாத்திரை அட்டை வைத்துவிட்டு மெடிக்கல் ஷாப் என்று போர்டு மாட்டின கதைதான் இது.

கதைக்கு விதி முக்கியமில்லை என்பவர்களுக்கு நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். விக்கிரமாதித்தனும் வேதாளமும். அம்புலிமாமா படித்த நம் அப்பா தலைமுறைக்கு மனப்பாடமான கதை, 11-ஆம் நூற்றாண்டு கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. அதில் உண்மையிலேயே பயமாக இருப்பது எது? சுடுகாடா, பிணமா? இரண்டு விதிகள். ராஜா வாயைத் திறந்தால் வேதாளம் திரும்ப முருங்கை மரத்துக்குப் போய்விடும். பதில் தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடித்துவிடும். அவ்வளவுதான். தெரியாமல் இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு விதியை எடுத்துவிட்டு எவ்வளவு பெரிய கதைசொல்லியிடம் கொடுத்தாலும் மிச்சம் இருப்பது ஒரு ராஜா ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டு நடக்கிற கதை. நம்மவர்கள் ஹாரரை சிஸ்டமாகவே யோசித்திருக்கிறார்கள் சாமி. நாம்தான் புத்தகம் வாங்கி மறந்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் தலைப்பில் இருக்கிறது. டி&டியில் ஒரு பேயை மேசைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கு ஹிட் பாயிண்ட் போட்டாக வேண்டும். எங்கள் டிஎம் போன வாரம் முனிக்கு எழுதிக்கொண்டு வந்தான்: ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 90. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரில் ஒரு கிழவியிடம் போய் "முனியை எத்தனை வெட்டு வெட்டினா சாகும் பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள், விளக்குமாறு வரும். நம்ம ஊர்ப் பேய்க்கதையில் முனியை யாரும் கொல்வதில்லை. சுருட்டு, சாராயம், கிடா என்று படையல் போடுவார்கள். பேரம் பேசுவார்கள், வேண்டிக்கொள்வார்கள். வேண்டினதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று மூன்று தலைமுறைக்குப் பயப்படுவார்கள். நம் பயத்தின் கரு அங்கேதான் இருக்கிறது. கடன் பாக்கி. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டது. ஒரு எதிரிக்கு 90 என்று எழுதிய நிமிஷமே அதைப் பூஜ்யம் ஆக்கலாம் என்று நீங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு அவன் வாளை எடுத்தால் அவன் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

சரி, டி&டி வேண்டாம். பின்னே எது? உலகத்தில் எல்லோரும் சொல்கிற பதில் கால் ஆஃப் கதுலு. 1981-இல் கேயாசியம் கம்பெனிக்காக சாண்டி பீட்டர்சன் எழுதியது, லவ்கிராஃப்ட் கதைகளை வைத்து. ஜப்பானில் டி&டியைவிட இதற்குத்தான் கூட்டம். நியாயமான கூட்டம். ஏழாம் பதிப்பின் விதிச்சுருக்கம் ஒரு பேய்வீட்டுக் கதையோடு சேர்த்து இலவசமாகவே கிடைக்கிறது, நம்ம மாதிரிப் பசங்களுக்கு வேறென்ன வேண்டும். எல்லாம் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு என்பதால் பரீட்சை மார்க் தெரிந்தவனுக்குப் புரிந்துவிடும். ஒரு மனிதனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஹிட் பாயிண்ட் இருந்தாலே ஜாஸ்தி. ஒரு ரிவால்வர் குண்டு ஒன்றிலிருந்து பத்து வரை எடுக்கும். பெரிய காயம் இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒரு புள்ளிதான் ஆறும். (ஒரு மனக்குறை: "லாக்ஸ்மித்" திறமை எல்லோருக்கும் ஆரம்பத்தில் வெறும் 1 சதவீதம். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குமா? அநியாயம்!)

இந்த சிஸ்டத்தின் உயிர் சானிட்டி. பார்க்கக்கூடாததைப் பார்த்தால் குறையும். கொஞ்சம் கொஞ்சம் திரும்பச் சேர்க்கலாம். ஆனால் மேல்வரம்பு என்ன தெரியுமா? 99-இலிருந்து உங்கள் "மித்தாஸ்" அறிவைக் கழித்தால் வருவது. அதாவது, அந்த உலகத்தின் உண்மையை எவ்வளவு தெரிந்துகொள்கிறீர்களோ அவ்வளவு நிரந்தரமாக இறங்கும். ஹிட் பாயிண்ட் நடைமுறை மூலதனம், உள்ளே வரும் வெளியே போகும். இது தேய்மானம். போட்டால் போட்டதுதான். அதே சமயம் அந்த அறிவு இல்லாமல் கேஸை முடிக்கவும் முடியாது. வேதாளத்தின் விதிக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிற இன்னொரு விதியை வெள்ளைக்காரன் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஏன் இதோடு நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்? அந்த அட்டவணையால்.

ஒரே அடியில் ஐந்து சானிட்டி போனால், அடுத்த உருட்டில் பார்த்தது என்னவென்று மூளைக்குப் புரிந்தும்விட்டால், தற்காலிகப் பைத்தியம். என்ன செய்வீர்கள் என்பதற்குப் பத்துப் பக்க டைஸ் ஒன்றை உருட்ட வேண்டும். மறதி, சந்தேகம், அடிதடி, மயக்கம், கட்டுப்பாடில்லாத அழுகை சிரிப்பு, இப்படிப் பத்து. அதற்கு மேல் நூறு ஃபோபியா, நூறு மேனியா பட்டியல். பாஸ்டனில் உட்கார்ந்து ஆடும்போது இது எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. நம்ம பக்கத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். அப்போது நாங்கள் யாரும் பிறக்கவே இல்லை. ஆனால் "பேய் பிடிச்சிருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்ற பேச்சு நாங்கள் பிறந்த பிறகும் நிற்கவில்லை. எங்கள் ஐவரில் ஒருவனின் அத்தையை அப்படித்தான் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலில் சங்கிலி போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். சங்கிலி போடக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அந்த அத்தைக்கு அது ரொம்பத் தாமதமாக வந்த சட்டம்.

போன வருடம் ஒரு சீனியர் கீப்பராக இருந்து எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு இந்த விளையாட்டை நடத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஆளுக்கு 8 விழுந்தது. அழுகை, சிரிப்பு, கூச்சல். மேசை முழுக்க ஒரே உற்சாகம், "ஆடுடா, தலையை விரிச்சிப் போட்டு ஆடு!" அவன் ஷீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து ஆட்டத்தை முடித்தான், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பயல்.

"அது ஆட்டக்காரர்கள் தப்பு, சிஸ்டம் என்ன பண்ணும்?" என்று வருவார்கள். அதே பழைய பாட்டு. சிஸ்டம்தானே அட்டவணையைக் கையில் கொடுத்தது? உருட்டச் சொன்னது, உருட்டினதை நடித்துக் காட்டச் சொன்னது எல்லாம் அதுதானே? பயம் அந்த விதியிலிருந்து வருகிறது என்று பாராட்டினால், அசிங்கமும் அங்கேயிருந்துதான் வருகிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பாதிக் கணக்கை மட்டும் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொரு குறையும் உண்டு. துப்பு தேடுகிற உருட்டில் தோற்றால் துப்பு கிடைக்காது, கதை நடுரோட்டில் நின்றுவிடும். இதற்காகவே ராபின் லாஸ் "கம்ஷூ" என்று ஒரு சிஸ்டம் செய்தார். தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும், உருட்டலே இல்லை. கென்னத் ஹைட் அதை வைத்து 2008-இல் டிரெயில் ஆஃப் கதுலு எழுதினார். நல்ல யோசனை, ஆனால் புள்ளிகளை எங்கே செலவழிப்பது என்று பட்ஜெட் போடுகிற வேலை அதிகம். பட்ஜெட்டைக் காலேஜிலேயே போட்டுக் களைத்துவிட்டோம்.

டிரெட் (2005) பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நாலாவது ஆளுக்கு அது ஆசை. டைஸே கிடையாது. ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டை உருவ வேண்டும், சாய்ந்தால் உங்கள் பாத்திரம் அவுட். கை நடுங்குவது நிஜமாகவே நடுங்கும். அருமையான விதி. ஒரே பிரச்சினை, மே மாசத் திண்டுக்கல்லில் ஃபேனை நிறுத்திவிட்டு நாலு மணி நேரம் ஆட வேண்டும். பேயே வேண்டாம், நாங்களே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

நான் சொல்வது கதுலு டார்க். கிரஹாம் வாம்ஸ்லி எழுதியது. முதலில் சில பக்கங்களாக இலவசமாகவே சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு புத்தகமானது. லூடோ டைஸ் போதும். ஒரு மனிதனால் முடிகிற காரியம் என்றால் ஒரு டைஸ். உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது என்றால் இன்னொன்று. மனசைப் பணயம் வைக்கத் தயார் என்றால் மூன்றாவது. பெரிய எண் எதுவோ அதுதான் விடை. தேடும்போது 1 விழுந்தால்கூடக் கதை நகர வேண்டிய அளவுக்குத் துப்பு கிடைக்கும். 4 என்றால் ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடிக்கிறதெல்லாம் கிடைக்கும். 6 விழுந்தால்? தெரிய வேண்டாததும் சேர்ந்து தெரியும். ஜெயித்தால் ஆபத்து! நம்ம பூட்டுக்காரன் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவு சீக்கிரம் உள்ளே இருப்பதைப் பார்ப்பான். விக்கிரமாதித்தன் மாட்டிக்கொண்டதும் இப்படித்தானே.

ஷீட்டில் ஒரே ஒரு எண். முதலில் இதிலும் அதன் பெயர் "இன்சானிட்டி"தான். புத்தகமாக வந்தபோது வாம்ஸ்லி அதை "இன்சைட்" என்று மாற்றினார். 1-இல் ஆரம்பிக்கும். பயங்கரத்தைப் பார்த்தால் டைஸ் உருட்டி, இப்போதைய எண்ணைவிடப் பெரிதாக விழுந்தால் ஒன்று ஏறும். 6 ஆனால் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கதையிலிருந்து போய்விடுவான். அட்டவணை இல்லை, ஃபோபியாப் பட்டியல் இல்லை, தலையை விரித்துப் போட்டு ஆடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 5-க்கு வந்தவன் அதைக் குறைக்க வழி உண்டு: கண்டுபிடித்ததை அழிக்க வேண்டும். ஏட்டைக் கொளுத்தலாம், கூட்டாளியைத் தடுக்கலாம். கதவைத் திறக்கப் போனவனே திரும்பப் பூட்டுகிறவனாக மாறுகிற இடம் அது. பூட்டுக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விதி தேடினாலும் கிடைக்காது.

முனி? முனிக்கு எண்ணே கிடையாது. எதிர்த்துச் சண்டை போட்டால் செத்தீர்கள், விதி அவ்வளவுதான். ஓடலாம், ஒளியலாம், பேரம் பேசலாம்.

குறை இல்லாமல் இல்லை. லெவல் ஏறாது, ஆயுதம் சேராது, ஆறு மாசம் இழுக்கிற கதைக்கு இது தாங்காது. நமக்கு இருக்கிறதோ மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஜூனில் இரண்டு பேர் கோயம்புத்தூர் போகிறார்கள், அதற்குப் பிறகு ஐந்து பேரும் ஒரே மாடியில் எப்போது உட்காருவோம் என்று யாருக்கும் தெரியாது. கிடைக்கிற மூன்று நாளை இட்லி சாப்பிட்டால் சரியாகிற பேயோடு கழிக்க எனக்கு இஷ்டமில்லை.

கடைசியாக, "ஏற்கெனவே டி&டி புத்தகம் எல்லாம் காசு கொடுத்து வாங்கியாச்சே." மூன்று பேருமே என்னோடு காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்கள். மூழ்கிய செலவு என்று ஒரு பாடம் நடத்தினார்களே, ஞாபகம் இருக்கா? போன காசு போனதுதான், அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐந்து மார்க் கேள்விக்கு எழுதி வாங்கினீர்களே?

ஞாயிறு மதியம் மூணு மணிக்கு ஓட்டெடுப்பு. இப்போதைக்கு மூணுக்கு ரெண்டு. ஒருத்தன் மனசு மாறினால் போதும். டைஸ் நான் கொண்டுவருகிறேன், முறுக்கு யாராவது வாங்கி வாருங்கள்.